நான் குடிக்காத மோர்

அன்புள்ள சாமு,

இதை நின்றுகொண்டே படிக்காதே. கூரியர்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிய கையோடு, ஆய்வக வாசலிலேயே, ஒரு கையில் டீயும் ஒரு கையில் இதுவுமாகப் படிக்கிற ஆள் நீ. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து படி. தினமும் போனில் பேசுகிறவளுக்குத் திடீரென்று கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் உன்னைக் கூப்பிட்டேன். நீ எடுத்ததுமே "ம்மா, வயிறு எப்படியிருக்கு?" என்றாய். அந்த "ம்மா"வைக் கேட்டதும் என் வாயில் "நல்லாருக்கேன் ராசா" என்றுதான் வந்தது. போனில் எனக்குப் பொய்தான் வருகிறது. பேனா பிடித்தால் அவ்வளவு சரளமாக வராது என்ற நம்பிக்கையில் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்வதும் பாதிதான் நிஜம். இந்த ஒரு பத்தி முடிவதற்குள் எழுந்து எழுந்து போய்விட்டு வந்துவிட்டேன். கரண்ட் வேறு போய்விட்டது. சனிக்கிழமை இங்கே வர நீ ரயில் ஏறுவதற்கு முன்னால் இது உன் கையில் கிடைத்தாக வேண்டும் என்ற பதற்றத்தில் எழுத்து கோணல்மாணலாகப் போகிறது, பொறுத்துக்கொள்.

சொல்லிவிடுகிறேன். போன தடவை நீ கொண்டுவந்து நம் வீட்டு பிரிட்ஜில் வைத்துவிட்டுப் போன மோரை நான் குடிக்கவில்லை. ஒரு மடக்குக்கூடக் குடிக்கவில்லை. என் வயிறு சரியானது உண்மை. ரத்தம் நின்றது உண்மை. இட்லிக்குச் சட்னி வைத்துச் சாப்பிட்டது, பஸ்ஸில் பயமில்லாமல் போய் வந்தது, கன்னம் கொஞ்சம் தேறியது எல்லாமே உண்மை. "குடிச்சேன்" என்று நான் சொன்ன அந்த ஒரு சொல் மட்டும்தான் பொய். அந்த ஒரு சொல்லின் மேல் நீ என்னென்ன கட்டி எழுப்பிவிட்டாய் என்பது எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது.

இந்த வியாதி எனக்கு எப்படிப்பட்டது என்பதை உன்னைவிட அறிந்தவர் யாரும் இல்லை. பெருங்குடல் அழற்சி என்று டாக்டர் எழுதிக் கொடுத்தபோது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். ஆமத்தூரில் பஸ் ஏறி விருதுநகர் போய் வேலை பார்க்கிற நர்ஸ் நான். வழியில் எந்த நிறுத்தத்தில் இறங்கினால் கழிப்பறை உண்டு, எங்கே கருவேலங்காடுதான் கதி என்று எனக்கு மனப்பாடம். ஒரு நாள் உன்னோடு போகும்போது பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேனே, ஞாபகம் இருக்கிறதா? காடும் இல்லை, சுவரும் இல்லை, ஒரு பொட்டல். பஸ் நிறைய ஆள். நீ குடையை விரித்து என்னை மறைத்துப் பிடித்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி நின்றாய். ஊரெல்லாம் கம்ப்யூட்டர் படிக்க ஓடியபோது நீ மட்டும் பயோடெக்னாலஜிதான் என்று ஒற்றைக் காலில் நின்றதற்கு அந்தக் குடைதான் காரணம் என்று உன் அப்பா சொல்வார். நான் உடனே பேச்சை மாற்றிவிடுவேன். என் குடலுக்காக நீ உன் படிப்பைத் தேர்ந்தெடுத்தாய் என்பதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கும். பெருமையாகவும் இருக்கும், அதையும் இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

போன தடவை நீ ரயிலில் விடியவிடிய ஐஸ் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாய். குளிக்கக்கூட இல்லை. சாப்பாட்டு மேசையில் அதைத் திறந்து, சின்னச் சின்னப் பாட்டில்களை வரிசையாக எடுத்து வைத்தாய். "ஒடம்பு முடியாதவக வீட்டுக்கு வெறுங்கையோட போகக் கூடாதுன்னு நீதானம்மா சொல்லிருக்க" என்று சிரித்தாய். உன் அப்பா ஒரு பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஏலே, இது மோரா, மாத்திரையா?"

"மாத்திரைய உண்டாக்குற மோருப்பா. வீக்கத்த அமத்துறதுக்கு நம்ம ஒடம்பே ஒரு புரதம் செய்யும். அதச் செய்யுற ஜீன எடுத்துத் தயிர்க் கிருமிக்குள்ள வச்சிருக்கோம். அது கொடலுக்குள்ள போயி, புண்ணு இருக்கிற எடத்துலயே செஞ்சு குடுக்கும்."

"வெளிய வந்து ஊரெல்லாம் பெருகிட்டா?"

"பெருகாதுப்பா. அதுக்கு வேண்டிய ஒரு சத்த அதால சொந்தமா செஞ்சுக்க முடியாத மாதிரி ஆக்கியாச்சு. நாம குடுத்தாத்தான் உசுரோட இருக்கும். இல்லன்னா பட்டினி கெடந்து செத்துரும்."

"நீ ஹாஸ்டல்ல கெடந்த மாதிரின்னு சொல்லு" என்றார் அவர். மூன்று பேரும் சிரித்தோம். பிறகு நான், இத்தனை வருடம் ஆஸ்பத்திரியில் நின்ற பழக்கத்தில், இதை யாருக்குக் கொடுத்துப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். எலிக்கு என்றாய். எலிக்கு நன்றாகக் கேட்டது என்றாய். வெளிநாட்டில் இதே மாதிரி ஒன்றை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள், இங்கே அனுமதி வருவதற்குள் "ஒனக்கு வயசாயிரும்மா" என்றாய். இது உன் பேராசிரியருக்குத் தெரியுமா என்று கேட்டேன். "நானே செஞ்சதும்மா. ஏங் கைப்பட செஞ்சது. எனக்குத் தெரியாதா?" என்றாய். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னாய். இந்தக் கிருமியை மற்றவற்றிலிருந்து பிரித்து எடுக்க வசதியாக, ஒரு ஆன்டிபயாடிக்குக்குச் சாகாத குணத்தையும் கூடவே சேர்த்து வைத்திருப்பதாகவும், கடைசியில் அதை நீக்கிவிடுவீர்கள் என்றும். கடைசியில்தான், இன்னும் நீக்கவில்லை.

நீ திரும்பிப் போன அன்று மத்தியானம் பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். குடிக்காததற்கு நான் என்ன காரணம் சொன்னாலும் இப்போது கெட்டிக்காரத்தனமாகத் தெரியும், அதனால் உள்ளதைச் சொல்கிறேன். பயம், அவ்வளவுதான். தீக்காய வார்டில் வேலை பார்க்கிறவள் நான். பட்டாசு ஆலையிலிருந்து வருகிறவர்களில் நெருப்புக்குத் தப்பிப் பிழைத்தும், பிறகு எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியால் போனவர்களை என் கையால் துடைத்து அனுப்பியிருக்கிறேன். நானோ ஸ்டீராய்டு சாப்பிட்டு, எதிர்ப்புச் சக்தியெல்லாம் படுத்துக் கிடக்கிற உடம்பு. உன் கிருமி அப்படிப்பட்டது இல்லை என்று மனசு ஒரு பக்கம் சொன்னது. மூடியைத் திறந்தேன். நல்ல தயிர் வாடைதான். திரும்ப மூடினேன். இப்படியே சாயங்காலம் ஆகிவிட்டது.

சாக்கடையில் ஊற்றவும் மனசு வரவில்லை. சாக்கடை பக்கத்து வீட்டுக்காரர்களின் தென்னைக்குப் போகிறது. மறுநாள் அத்தனையையும் குக்கரில் வைத்து, ஆஸ்பத்திரியில் கத்திரிகளை அவிக்கிற மாதிரி விசில் விசிலாக விட்டேன். உன் அப்பா கூடத்திலிருந்து, "என்ன சிஸ்டரு, கறியா வேகுது?" என்றார். "ஆமா, சும்மா அங்கிட்டுப் போங்க" என்றேன். அடங்கினதும் பிளீச்சிங் பவுடர் போட்டுப் பின்பக்கம் குழி தோண்டிப் புதைத்தேன். நல்ல குக்கரை எதற்குப் பழைய சாமான்காரரிடம் போட்டேன் என்று உன் அப்பா வெகுநாள் முனகிக்கொண்டிருந்தார். உன் பிள்ளைகளை அவித்துப் புதைத்த மாதிரி எனக்கு இருந்தது. சிரிக்காதே. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

அன்று மாலை நீ கூப்பிட்டு, "குடிச்சியாம்மா?" என்றாய். "குடிச்சேன்" என்றேன். நம் வீட்டில் அந்தக் கேள்விக்கு வேறு பதிலே கிடையாதே! நீ சின்னப் பையனாக இருந்தபோது, சட்டியில் சோறு குறைவாக இருந்தால் "அம்மா அப்பவே சாப்பிட்டேன்" என்பேன். நீ நம்பிவிட்டு விளையாடப் போய்விடுவாய். இத்தனை படித்தும் நீ அதே பையனாக நம்பியிருக்கிறாய். அம்மாக்கள் சாப்பிட்டேன் என்று சொல்வதை எந்த ஆராய்ச்சியிலும் சேர்த்துக்கொள்ளாதே, சாமு. சாப்பிடாத அம்மாக்களே அதை ரொம்ப நிச்சயமாகச் சொல்வார்கள். இரண்டு நாள் பொய் சொல்லிவிட்டு, மூன்றாம் நாள் உடைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் எனக்கு நிஜமாகவே சரியாகத் தொடங்கிவிட்டது! இந்த வியாதி அப்படித்தான். சொல்லாமல் கொள்ளாமல் வரும், சொல்லாமல் கொள்ளாமல் போகும். நான் நல்லாயிருக்கிறேன் என்றதும் போனில் நீ அழுதாய். அழுகிற பிள்ளையிடம், இல்லையப்பா, நான் குடிக்கவேயில்லை என்று எப்படிச் சொல்வேன்?

உன் அப்பாவுக்கும் நான் சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு டீக்கடை, பஸ், கம்பெனி கேட் என்று பார்க்கிற இடமெல்லாம் "எம் மகன் மோருலயே கொணமாக்கிட்டான்" என்று சொல்லித் திரிந்திருக்கிறார். அது எம். புதுப்பட்டிவரை போய்விட்டது. அந்த ஊர்ப் பாக்கியத்தை உனக்குத் தெரியும், தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிற வேலை பார்க்கிறவள், மகள் மாரீஸ்வரிக்கு என் வியாதியே. நீ ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தபோது அந்தப் பிள்ளையோடு விளையாடிக்கொண்டிருந்தாய். பள்ளிக்கூடத்துக் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை என்பதற்காகவே படிப்பை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளை. ஸ்டீராய்டால் முகம் மட்டும் உப்பி, கைகால் குச்சியாக இருக்கும். போன வாரம் பாக்கியம் அவளை இழுத்துக்கொண்டு வார்டுக்கே வந்துவிட்டாள்.

"சிஸ்டர், சேதி சொல்லாம இருந்துட்டீகளே. ஒங்க மகன் குடுத்த மோரக் குடிச்சு நல்லாயிட்டீகளாமே. தம்பிக்குப் போன் போட்டேன். சனிக்கெழம எம் பிள்ளைக்கும் கொண்டாறேன்னு சொல்லிட்டாக. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அப்போது மாரீஸ்வரி என் சேலையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள். "அத்தை, அந்த மோரு ரொம்பப் புளிக்குமா? புளிப்புன்னா எனக்கு வாந்தி வந்துரும்."

புளிக்குமா என்று எனக்குத் தெரியாது. என் நாக்கில் படாத மோரின் ருசியை அந்தப் பிள்ளை என்னிடம் கேட்கிறது, அதன் அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். உன்னிடம் சரளமாக வந்த பொய் அங்கே வரவில்லை. "டியூட்டி இருக்கு தாயி" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடி, கட்டுத்துணி அடுக்குகிற அறையில் நின்று அழுதேன். எனக்குக் கொடுத்தாய், அது என் வயிறு, என் வயசு, நானாவது யோசித்துக் குடிக்காமல் இருந்தேன். அந்தப் பிள்ளை எதைக் கொடுத்தாலும் குடித்துவிடும். சிஸ்டர் அத்தை குடித்தார்களாம் என்று கண்ணை மூடிக்கொண்டு குடிக்கும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கோபப்படுவார், தட்டைத் தள்ளுவார் என்று நினைத்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவனுக்கு எழுது. திரி நமத்துப் போகலன்னு சேத்து எழுது" என்றார்.

இதுவும் உனக்குத் தெரியாத கதை. அப்பாவின் கண் போனபோது நீ ஹாஸ்டலில் இருந்தாய். திரி நமத்துப் போயிருந்தது, அதனால் விபத்து என்று உனக்குச் சொன்னோம். ஊருக்கும் அதையே சொன்னோம். அப்போது அவர் விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசு ஆலையில் போர்மேன். அந்த சீசனுக்குப் பாதியில் நிறம் மாறுகிற பூச்சட்டிப் புஸ்வாணம் ஒன்றைப் புதிதாக அவரே செய்திருந்தார். புதுச் சரக்கு எதுவானாலும் பொழுது சாய்கிற நேரத்தில், ஆலைக்கு வெளியே பொட்டலில் வைத்துக் கொளுத்திப் பார்ப்பது வழக்கம். பற்றாமல் போன ஒன்றின் பக்கத்தில் யாரும் போகக் கூடாது. ஒரு வாளி தண்ணீரைத் தள்ளி நின்று ஊற்றிவிட்டு, மறுநாள்வரை விட்டுவிட வேண்டும். "பத்தலைன்னா செத்துருச்சுன்னு அர்த்தமில்லலே, கிட்டப் போகாதீக" என்று தொண்டை வறள வேலையாட்களைத் திட்டுகிறவர் அவர்தான். அன்றைக்கு வைத்ததில் ஒன்று பற்றவில்லை. அவர் வாளியை எடுக்கவில்லை. நேராகப் போய்க் குனிந்து பார்த்தார். அப்போதுதான் அது முகத்துக்கு நேராகச் சீறி எழுந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது வார்டில் டியூட்டி என்னுடையது.

ஏன் போனீர்கள் என்று இத்தனை வருடமாக நான் கேட்டதில்லை. இப்போது அவராகவே சொன்னார். "மத்தவன் கட்டுன சரக்குன்னா கிட்டயே போயிருக்க மாட்டேன். எங் கைச்சரக்கு, அது என்னைய என்ன செஞ்சுரும்னுதான் குனிஞ்சேன். இவனும் அதத்தான் செய்யுறான். ஆனா நான் ஒத்தையில குனிஞ்சேன். இவன் பாக்கியம் மகளையும் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறான்."

உன் மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது, சாமு. அதை மறைத்து எழுதினால் இதுவும் ஒரு பொய்யாகிவிடும். யாருக்கும் தெரியாமல் அதை ஆய்வகத்திலிருந்து எடுத்து வந்தாயே, வேறொருவருடைய அம்மாவுக்கு அப்படிக் கொடுத்திருப்பாயா? அன்பு இருந்தால் விதி தளரும் என்று நினைத்துவிட்டாய். வீட்டு ஆட்களுக்குத்தான் விதியை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும், ஏனென்றால் நாங்கள் உன்னிடம் உண்மை பேச மாட்டோம். கசந்தால் கசக்கிறது என்று சொல்ல மாட்டோம். உன் முகம் வாடக் கூடாது என்று வலியைக்கூட மாற்றிச் சொல்வோம். உன் வேலை கெட்ட வேலை என்று நான் சொல்லவில்லை. உலகத்தில் எத்தனையோ பஸ்களில் எத்தனையோ பேர் என்னைப்போல வழியில் இறங்குகிறார்கள், அவர்களுக்கு உன் மோர் வேண்டும். அந்த ஆன்டிபயாடிக் சமாசாரத்தை எடுத்துவிட்டு, எலிக்குப் பிறகு யார், அதற்குப் பிறகு யார் என்று ஒவ்வொரு படியாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வா. யாருக்குக் கொடுக்கிறாய், யாருக்கு வெறும் மோர் கொடுக்கிறாய் என்பது கொடுக்கிறவருக்கே தெரியாத மாதிரி வைத்துப் பார்ப்பார்களாமே, அப்படிப் பார். அன்றைக்கு ஆள் வேண்டுமென்றால் நானே வந்து நிற்கிறேன்.

அதற்கு முன்னால் உன் பேராசிரியரிடம் போய் நடந்ததைச் சொல். உன்னை வெளியே அனுப்பினாலும் அனுப்புவார். அதை நினைத்து எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. இருந்தாலும் நீயே போய்ச் சொன்னதாக இருக்கட்டும். பாக்கியத்திடம் நான் பேசிக்கொள்கிறேன். நாளைக்கே எம். புதுப்பட்டிக்குப் போய், நான் குடிக்கவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வருகிறேன். திட்டுவாள், திட்டட்டும். மாரீஸ்வரியை மதுரைக்குக் கூட்டிக்கொண்டுபோய் நல்ல குடல் டாக்டரிடம் காட்டுகிற பொறுப்பு என்னுடையது. அந்தப் பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கிப் போடுவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டாம் என்று உன் அப்பா சுத்தியலைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்து பார்த்துவிட்டேன். போன வாரம் செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்கு மறுபடியும் ரத்தம் போகிறது. அதனால்தான் இந்தக் கடிதத்தில் இத்தனை தடவை எழுந்து போனேன். பழையபடி எரிச்சல், பழையபடி பஸ் பயம். நேற்று வேலைக்குப் போகவில்லை. வெந்நீர் பையை வயிற்றில் வைத்துக்கொண்டு படுத்திருந்தபோது, அந்தப் பாட்டில்களைப் புதைத்த இடத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றையாவது வைத்திருக்கலாமே என்று நினைத்தேன். இத்தனையும் உனக்குப் புத்தி சொல்லி எழுதுகிற இதே அம்மாதான் அப்படி நினைத்தாள். போன தடவை என்னைக் காப்பாற்றியது பயம். வலி கூடக்கூட அந்தப் பயம் போய்க்கொண்டிருக்கிறது.

சனிக்கிழமை காலையில் அப்பா பஸ் ஸ்டாப்பில் நிற்பார். உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன், நான் சாப்பிட மாட்டேன், சாப்பிட்டேன் என்றும் சொல்ல மாட்டேன். நீ பிளாஸ்கோடு வந்தால் இந்தத் தடவை நான் குடித்துவிடுவேன், சாமு. உன் கையிலிருந்து பிடுங்கியாவது குடித்துவிடுவேன். அதனால் உடம்பு முடியாத உன் அம்மாவைப் பார்க்க வெறுங்கையோடு வா.

அம்மா